குப்பை எண்ணெய்க் கணக்கு

ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபன் நகரில் பிஏஎஸ்எஃப் நிறுவனம் 1994-இல் ஒரு முன்னோடி ஆலையைத் தொடங்கியது. வீடுகளிலிருந்து சேகரித்த பிளாஸ்டிக் உறைகளை உருக்கிச் சிதைத்து, நாப்தா போன்ற எண்ணெயாக்கி, அதைத் தன் பெட்ரோகெமிக்கல் உலைக்கே செலுத்திப் புதுப் பிளாஸ்டிக் செய்வது திட்டம். ஆண்டுக்கு 15,000 டன் கொள்ளளவு. அது தேறினால் அடுத்தது 3 லட்சம் டன் ஆலை. 1996-இல் இழுத்து மூடிவிட்டார்கள். வேதியியலில் பிழை இல்லை, எண்ணெய் வந்துகொண்டுதான் இருந்தது. குப்பையை எடுத்துக்கொள்ள டன்னுக்கு இவ்வளவு கூலி வேண்டும், அதுவும் நீண்ட காலத்துக்கு உறுதியாக வேண்டும் என்று நிறுவனம் கேட்டது. ‘பச்சைப் புள்ளி’ முத்திரையின் பேரில் குப்பை சேகரித்த அமைப்பால் அந்த உறுதியைத் தர முடியவில்லை.

2018-இல் அதே நிறுவனம், அதே ஊர் உலையில், ‘கெம்சைக்ளிங்’ என்ற பெயரில் குப்பை எண்ணெயைச் செலுத்தியது. இம்முறை அது எதிர்காலத் தொழில்நுட்பம் என்று அறிவிக்கப்பட்டது.

வேதி மறுசுழற்சியைப் பற்றி எதைப் படித்தாலும் இந்த இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் குறித்துவைத்துக்கொண்டு படிப்பது நல்லது. ஆய்வுக்கூடத்தில் என்றோ முடிந்த காரியம் ஆலையில் ஏன் நிலைக்க மாட்டேன் என்கிறது? விடை உலைக்குள் இல்லை என்பது என் எண்ணம். உலை வாயில் எதைப் போடுகிறோம், வெளியே வருவது எங்கே போகிறது என்ற இரண்டு இடங்களில்தான் எல்லாச் சிக்கலும் உட்கார்ந்திருக்கிறது.

இதற்கு இவ்வளவு ஆசை ஏன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 2015 வரை உலகம் உற்பத்தி செய்த பிளாஸ்டிக் 830 கோடி டன் என்று ரோலண்ட் கேயரும் சகாக்களும் 2017-இல் கணக்கிட்டார்கள். குப்பையானதில் மறுசுழற்சிக்குப் போனது 9 சதவீதம். 2019-ஆம் ஆண்டுக் குப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு பார்த்தபோதும் அதே 9 சதவீதம்தான் வந்தது. அந்த 9-இல் ஏறக்குறைய எல்லாமே இயந்திர மறுசுழற்சி. பொறுக்கி, தரம் பிரித்து, கழுவி, நறுக்கி, உருக்கி, குருணையாக்கி விற்பது. நம் ஊர் காயலான் கடையிலிருந்து குருணை ஆலை வரை நடப்பது இதுதான். செலவு குறைவு, எரிசக்தியும் குறைவு. ஆனால் ஒவ்வொரு முறை உருக்கும்போதும் மூலக்கூறுச் சங்கிலி கொஞ்சம் அறுகிறது, நிறம் மங்குகிறது, வாசனை ஒட்டிக்கொள்கிறது. பால் கவர் மறுபடி பால் கவராவதில்லை. கறுப்புக் குழாயோ வாளியோ ஆகிறது. பெட் பாட்டிலைத் தவிர மற்ற பிளாஸ்டிக்கில் இப்படி வரும் குருணையை உணவு படும் உறைக்குப் பயன்படுத்த உணவுப் பாதுகாப்பு அமைப்புகள் எளிதில் ஒப்புவதில்லை.

இந்த இடத்தில்தான் வேதி மறுசுழற்சிக்கு உண்மையான பெருமை இருக்கிறது. சங்கிலியை மூலப்பொருள் வரைக்கும் உடைத்து மறுபடி கட்டினால் கிடைப்பது அச்சு அசலான புதுப் பிளாஸ்டிக். பிஸ்கட் உறையும் ஆகலாம், ஊசி மருந்துக் குழலும் ஆகலாம். இதை மறுப்பவர்கள் விஷயம் தெரியாமல் பேசுகிறார்கள். சண்டை அதன் பிறகுதான்.

உலைக்குள் நடப்பது

வேதி மறுசுழற்சி என்ற பெயருக்குள் நான்கைந்து வெவ்வேறு தொழில்கள் ஒளிந்திருக்கின்றன. கரைப்பானில் கரைத்துப் பிரிப்பது ஒன்று. பெட் போன்றவற்றை மெத்தனால் அல்லது கிளைக்கால் கொண்டு மூலக்கூறாகப் பிரிப்பது ஒன்று. ஆவியாக்கிக் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனுமாக மாற்றுவது இன்னொன்று. அதிகம் பேசப்படுவதும் அதிகப் பணம் போடப்பட்டதும் பைரோலிசிஸ்: காற்றுப் படாமல் 400 முதல் 600 பாகை செல்சியஸில் வாட்டுவது. ஆக்சிஜன் இல்லாததால் எரியாது, சிதையும். ஆவி குளிர்ந்து எண்ணெயாகும், குளிராதது எரிவாயுவாக மிஞ்சும், அடியில் கரி தங்கும்.

எந்தப் பிளாஸ்டிக் என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். பாலி எத்திலீன், பாலி புரோப்பலீன் இரண்டும் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்டவை. கண்ட இடத்தில் அறுந்து, மெழுகிலிருந்து பெட்ரோல் வரை எல்லா நீளத்திலும் துண்டுகள் தரும். நல்ல சரக்கைப் போட்டால் எடையில் 70 முதல் 80 சதவீதம் வரை எண்ணெய் கிடைக்கும். பாலிஸ்டைரீன் வேறு மாதிரி, நுனியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று ஸ்டைரீனாகவே திரும்பும். பெட்டில் ஆக்சிஜன் இருக்கிறது. அது டெரிஃப்தாலிக், பென்சாயிக் அமிலப் பொடியாக உறைந்து குழாயை அடைத்துவிடும். நைலான் நைட்ரஜனைக் கொண்டுவரும். பி.வி.சி.தான் எல்லாவற்றிலும் கொடியது. எடையில் சுமார் 57 சதவீதம் குளோரின். அதைச் சூடாக்கினால் ஹைட்ரஜன் குளோரைடு கிளம்பும், நீருடன் சேர்ந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம்.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஒரு டன் சுத்தமான பாலி எத்திலீன் கட்டுக்குள் ஒரே ஒரு கிலோ பி.வி.சி. வந்துவிடுகிறது. ஒரு பழைய மழைக்கோட்டு, இரண்டு மருந்துப் பட்டைகள், கொஞ்சம் வயர் உறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் குளோரின் 570 கிராம். ஆலையில் முன்கூட்டியே சூடேற்றிச் சுண்ணாம்பில் பிடித்து அதில் 99 சதவீதத்தை விரட்டிவிட்டார்கள் என்றே கொள்வோம். மிச்சம் 5.7 கிராம். அது 700 கிலோ எண்ணெயில் கலந்தால் பத்து லட்சத்தில் எட்டுப் பங்கு. நாப்தாவை 850 பாகையில் உடைத்து எத்திலீன் எடுக்கும் நீராவிப் பிளப்பு உலைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் குளோரின் வரம்பு பத்து லட்சத்தில் மூன்று பங்கு. ஆயிரத்தில் ஒரு பங்கு கலப்படம், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சுத்திகரிப்பு, அப்படியும் வரம்பு தாண்டுகிறது. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் நுகர்வோர் குப்பை எண்ணெய்களை இப்படி வரம்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, நைட்ரஜன், ஆக்சிஜன், குளோரின், உலோகங்கள் என எல்லாமே பல மடங்கு மிஞ்சியிருப்பதைக் காட்டினார்கள். பல ஆயிரம் கோடி ரூபாய் உலையை அரிக்கவிட யாரும் தயாரில்லை. ஆகவே இரண்டு வழிதான்: ஹைட்ரஜன் செலுத்திச் சுத்தம் செய்வது, அல்லது பத்துப் பதினைந்து மடங்கோ அதற்கும் மேலோ பெட்ரோலிய நாப்தாவில் கரைத்துவிடுவது. பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன.

இப்போது விளம்பர வாசகத்தை நினைத்துப் பாருங்கள். யாரும் தொடாத, அழுக்கான, கலப்பான குப்பைக்குத்தான் இந்தத் தொழில்நுட்பம் என்று சொல்கிறார்கள். உலை கேட்பதோ கழுவிய, பிரித்த, உலர்ந்த பாலி எத்திலீனும் பாலி புரோப்பலீனும். அதை வாங்கக் குருணை ஆலைக்காரர் ஏற்கெனவே வரிசையில் நிற்கிறார்.

ஹம்பர்க், சப்போரோ

பைரோலிசிஸுக்கு நீண்ட வரலாறு உண்டு. ஹம்பர்க் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ்யோர்க் சின், வால்டர் கமின்ஸ்கி இருவரும் 1970-களிலேயே கொதிக்கும் மணற்படுகையில் பிளாஸ்டிக்கையும் டயரையும் சிதைத்து எண்ணெய் எடுத்தார்கள். பாலி எத்திலீன் செய்யும் மெட்டலோசின் வினையூக்கிக்கு உயிர் கொடுத்தவர்களும் இதே இருவர்தான். ஒரு கையால் கட்டினார்கள், மறு கையால் உடைத்தார்கள். 1980-களில் பவேரியாவின் எபன்ஹாசனில் அந்த முறையில் ஓர் ஆலை எழுந்தது, நிலைக்கவில்லை. 1991-இல் ஜெர்மனி உறைகளைத் திரும்பப் பெறும் சட்டம் கொண்டுவந்ததும் பணமும் குப்பையும் ஒரே நேரத்தில் குவிந்தன. பாட்ராப் நகரில் நிலக்கரியை எண்ணெயாக்கக் கட்டிய ஆலையில் பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் ஏற்றி எண்ணெயாக்கினார்கள். அதுவும் 1999-இல் முடிந்தது. பிரெமன் நகர இரும்பாலை மட்டும் பிளாஸ்டிக்கை ஊதுலையில் கன எண்ணெய்க்குப் பதிலாக ஊதியது, அது மலிவு.

ஜப்பான் சொல்லும் பாடம் இன்னும் துல்லியமானது. உறைக் கழிவுச் சட்டம் 1995-இல் நிறைவேறி 2000-இல் முழுதாக நடைமுறைக்கு வந்தபோது, சப்போரோவில் ஆண்டுக்கு 14,800 டன் எண்ணெயாக்கும் ஆலை தொடங்கியது. பி.வி.சி. வரும் என்று தெரிந்தே கட்டிய ஆலை. முதல் கட்டத்தில் குளோரினை விரட்டிவிட்டு அடுத்த கட்டத்தில் சிதைத்தார்கள். பொறியியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குப்பைக்கான ஏலத்தில் ஆண்டுதோறும் மற்றவர்களோடு போட்டியிட்டுக் கட்டுப்படியாகாமல் பத்தாண்டில் நின்றுபோனது. அதே சட்டத்தின் கீழ் இன்றும் ஓடுபவை எவை? ஒன்று, இரும்பாலைகளின் கோக் அடுப்பு. நிலக்கரியோடு ஒரு சதவீத அளவில் பிளாஸ்டிக்கைக் கலந்து வாட்டுகிறார்கள். ஏறத்தாழ 40 சதவீதம் எண்ணெய், 40 சதவீதம் வாயு, 20 சதவீதம் கோக் என்று பிரிகிறது. பி.வி.சி.யின் குளோரினை நிலக்கரியிலிருந்து வரும் அம்மோனியாவே பிடித்து உப்பாக்கிக்கொள்கிறது. தனிச் செலவு இல்லை. மற்றொன்று, கவாசாகியில் 2003 முதல் பிளாஸ்டிக்கை வாயுவாக்கி ஹைட்ரஜன் எடுத்து அம்மோனியா செய்யும் ஆலை. இரண்டுமே அழுக்கைத் தாங்குபவை. இரண்டுமே பிளாஸ்டிக்கைப் பெரும்பாலும் மறுபடி பிளாஸ்டிக்காக ஆக்காதவை. ஜப்பானியர்கள் இதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வதில்லை, மறைப்பதுமில்லை. எனக்கு அந்த நேர்மை பிடிக்கிறது.

எவ்வளவு போட்டு எவ்வளவு எடுக்கிறோம்

நூறு கிலோ பிளாஸ்டிக் உலைக்குள் போகிறது. எழுபது கிலோ எண்ணெய் வருகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மிச்சத்தில் வாயுவைப் பெரும்பாலும் அந்த உலையைச் சூடாக்கவே எரித்துவிடுகிறார்கள். கரி, சாம்பலையும் உலோகத்தையும் சுமந்துகொண்டு குப்பைமேட்டுக்கோ சிமெண்ட் ஆலைக்கோ போகிறது. எழுபது கிலோவும் பிளப்பு உலைக்கு ஏற்றதாகிவிட்டது என்றாலும், நாப்தா உலையில் எத்திலீன் ஏறத்தாழ 30 சதவீதம், புரோப்பலீன் 15 சதவீதம், அதோடு கொஞ்சம் பியூட்டாடையீன். பாதிக்குப் பாதிதான் பிளாஸ்டிக் மூலப்பொருள். மற்றவை மீத்தேன், எரிபொருள் எண்ணெய், பென்சீன் வகையறா. நூறு போட்டு முப்பத்தைந்து. எண்ணெயின் கனமான பகுதி உலைக்கு ஏற்காவிட்டால் இன்னும் குறையும். துணைப்பொருள்கள் எல்லாமே வீணில்லை, பென்சீனுக்கும் விலை உண்டு. ஆனால் ‘பிளாஸ்டிக்கிலிருந்து பிளாஸ்டிக்’ என்ற வட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வெளியே ஒழுகுகிறது என்பதே நிலவரம்.

அப்படியென்றால் ‘100 சதவீதம் மறுசுழற்சி’ என்று உறையில் அச்சிடுவது எப்படி? ‘நிறைச் சமன் கணக்கு’ என்றொரு கணக்கு முறை இருக்கிறது. ஊர்ப் பால் சொசைட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நூறு லிட்டர் தொட்டியில் ஐந்து லிட்டர் நாட்டுமாட்டுப் பால், மீதி சீமைமாட்டுப் பால். எல்லாம் ஒன்றாகிவிட்டது, எந்தப் பாக்கெட்டில் எடுத்தாலும் இருபதில் ஒரு பங்குதான் நாட்டுமாட்டுப் பால். ஆனால் கணக்கர் ஐந்து பாக்கெட்டைத் தனியே எடுத்து வைத்து, முழு நாட்டுமாட்டுப் பால் என்று சீட்டு ஒட்டிக் கூடுதல் விலைக்கு விற்கிறார். மற்ற தொண்ணூற்றைந்தில் ஒட்டவில்லை, ஆகவே மொத்தக் கணக்கு பொய்யில்லை. ‘ஐஎஸ்சிசி பிளஸ்’ போன்ற சான்றிதழ்கள் இந்த முறையைத்தான் அங்கீகரிக்கின்றன. பெரிய உலையில் இரண்டையும் பிரித்து ஓட்ட முடியாது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. தொடக்க நிலைத் தொழிலுக்கு இப்படி ஒரு வழி வேண்டும்தான். கேள்வி எங்கே எழுகிறதென்றால், எரிபொருளாகப் போன பங்கையும் பிளாஸ்டிக்கின் பேரில் வரவு வைக்கலாமா என்பதில். தொட்டியில் சிந்திப்போன பாலுக்கும் சீட்டு ஒட்டுவதுபோல அது. ஐரோப்பிய ஒன்றியம் எரிபொருள் பங்கைக் கழித்த பிறகே வரவு என்ற நிலைப்பாட்டை நோக்கி நகர்ந்திருக்கிறது. அதன் கழிவுச் சட்டத்தின்படியே, கழிவை எரிபொருளாக மாற்றுவது மறுசுழற்சி ஆகாது.

அமெரிக்காவில் சட்டம் வேறு திசையில் ஓடியது. வேதித் தொழில் சங்கத்தின் முயற்சியால் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இத்தகைய ஆலைகளைக் ‘கழிவு மேலாண்மை’ என்பதிலிருந்து எடுத்து ‘உற்பத்தித் தொழில்’ என்று சட்டத்தில் மாற்றின. கழிவு ஆலைக்குரிய அனுமதிகளும் கண்காணிப்பும் தளர்ந்தன. அப்படி வழிவிட்டும் ஆலைகள் தழைக்கவில்லை. இந்தியானா மாநிலத்தின் ஆஷ்லி என்ற சிற்றூரில் ஆண்டுக்கு ஒரு லட்சம் டன் என்று கட்டப்பட்ட பிரைட்மார்க் ஆலை 2025 மார்ச்சில் திவால் மனு கொடுத்தது. ஒரிகன் மாநிலத்தில் பாலிஸ்டைரீனை ஸ்டைரீனாக்கிய ரீஜெனிக்ஸ் ஆலை 2024-இல் மூடப்பட்டது. 2025-க்குள் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் குப்பையை எண்ணெயாக்கிப் பயன்படுத்துவோம் என்று 2019-இல் அறிவித்த ஷெல் நிறுவனம், அந்த அளவு சாத்தியமில்லை என்று பின்வாங்கியது. அது சொன்ன காரணங்களில் முதன்மையானது: போதிய மூலப்பொருள் கிடைக்கவில்லை. உலகமே பிளாஸ்டிக் குப்பையில் மிதக்கும்போது மூலப்பொருள் இல்லை என்கிறது ஓர் எண்ணெய் நிறுவனம்! மேலே போட்ட பி.வி.சி. கணக்கைப் படித்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது. குப்பை இருக்கிறது. உலைக்கு ஆகிற குப்பை இல்லை.

எக்ஸான்மொபில் விவகாரம் நீதிமன்றத்தில் நிற்கிறது. டெக்சாஸின் பேடவுன் வளாகத்தில் 2022 டிசம்பரில் ஆண்டுக்கு 8 கோடி பவுண்டு, அதாவது சுமார் 36,000 டன் கொள்ளளவுள்ள பிரிவை அது தொடங்கியது. 2024 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் தலைமை வழக்கறிஞர் ராப் போன்டா, மறுசுழற்சி பற்றி மக்களைப் பல பத்தாண்டுகளாக ஏமாற்றியதாக நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். அங்கே போகும் பிளாஸ்டிக்கில் 92 சதவீதம் புதுப் பிளாஸ்டிக்காவதில்லை, பெரும்பாலும் எரிபொருளாகிறது என்பது மனுவின் குற்றச்சாட்டு. கலிஃபோர்னியாவின் மறுசுழற்சி முறையே சரியில்லை, நாங்கள் கோடிக்கணக்கான பவுண்டு குப்பையைப் பயனுள்ள மூலப்பொருளாக்கியிருக்கிறோம் என்று நிறுவனம் பதில் சொன்னது. 2025 ஜனவரியில் போன்டா மீதும் சில சூழலியல் அமைப்புகள் மீதும் அவதூறு வழக்கும் போட்டது. இரண்டு தரப்பும் சொல்வதைக் கவனித்தால் ஒன்று புலப்படும்: ‘பயனுள்ள மூலப்பொருள்’ என்பதில் எரிபொருளும் அடங்கும் என்றால், இருவரும் ஒரே உண்மையின் இரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

சூழலுக்கு நல்லதா கெட்டதா என்பதிலும் ஆய்வுகள் முரண்படுவதுபோல் தெரியும். பிஏஎஸ்எஃப் ஏற்பாடு செய்த ஆய்வு, கலவைப் பிளாஸ்டிக்கை எரிப்பதைவிடப் பைரோலிசிஸ் 50 சதவீதம் குறைவாகக் கார்பன் டை ஆக்சைடு வெளியிடும் என்றது. அமெரிக்கத் தேசியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வகத்தினர் 2023-இல், பைரோலிசிஸ், வாயுவாக்கம் வழியாகப் பிளாஸ்டிக்கைப் பிளாஸ்டிக்காக்குவதன் செலவும் சூழல் பாதிப்பும் புதுப் பிளாஸ்டிக்கைவிட 10 முதல் 100 மடங்கு என்றார்கள். இரண்டும் பொய்யில்லை. முதலாவது, எரித்துத்தான் தீரவேண்டும் என்ற நாட்டை வைத்துக்கொண்டு ஒப்பிடுகிறது. இரண்டாவது, வெளியே வரும் ஒவ்வொரு கிலோ பிளாஸ்டிக்குக்கும் என்ன ஆயிற்று என்று கேட்கிறது. இந்தியாவில் மிஞ்சும் பிளாஸ்டிக்கின் போக்கிடம் பெரும்பாலும் குப்பைமேடும் சிமெண்ட் உலையும். சிமெண்ட் உலையில் அது நிலக்கரிக்குப் பதிலாக எரிகிறது. அதோடு ஒப்பிட்டால் பைரோலிசிஸின் ஆதாயம் ஐரோப்பிய அளவுக்கு வராது. ஐரோப்பிய ஆய்வுகளின் சதவீதத்தை நம் மேடைகளில் அப்படியே படிப்பவர்கள் இந்த ஓர் இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

எங்கே பலிக்கிறது

இவ்வளவையும் படித்துவிட்டு வேதி மறுசுழற்சி வெறும் ஏமாற்று என்று முடிவு கட்டினால் அது அநியாயம். ஒரே வகைப் பிளாஸ்டிக் தனியாகக் கிடைத்து, அது தன் மூலக்கூறாகவே திரும்பும் என்றால் கதை மாறுகிறது. அக்ரிலிக் தகடு அப்படிப்பட்டது. சூடாக்கினால் 90 சதவீதத்துக்கு மேல் அதன் மூலப்பொருளான மீதைல் மெத்தாக்ரிலேட்டாகத் திரும்பும். பல பத்தாண்டுகளாகச் சத்தமில்லாமல் நடக்கும் தொழில். நைலான் 6-ஐக் கேப்ரோலாக்டமாக்குவது மற்றொன்று. பழைய மீன்வலைகளையும் கம்பளங்களையும் கொண்டு அக்வாஃபில் என்ற இத்தாலிய நிறுவனம் 2011 முதல் ஸ்லோவேனியாவின் லூப்லியானாவில் இதைச் செய்துவருகிறது. இதே வேலைக்கு அமெரிக்காவின் அகஸ்டாவில் 1999-இல் தொடங்கிய எவர்கிரீன் ஆலை இரண்டே ஆண்டில் மூடப்பட்டதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். புதுக் கேப்ரோலாக்டம் விலை விழுந்தது, ஆலையும் விழுந்தது. பெட்டை மெத்தனாலில் பிரிக்கும் பெரிய ஆலையை ஈஸ்ட்மன் நிறுவனம் டென்னசியின் கிங்ஸ்போர்ட்டில் 2024-இல் ஓட்டத் தொடங்கியது. சாயமேறிய பாலியெஸ்டர் துணிக்கும் வண்ணப் பாட்டிலுக்கும் இயந்திர மறுசுழற்சியில் வழி இல்லை என்பதால் இதற்கு இடம் இருக்கிறது. திருப்பூர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது பைரோலிசிஸை அல்ல, இதைத்தான்.

இந்தியாவில் பைரோலிசிஸ் வேறு முகத்தோடு வந்தது. டேராடூன் இந்தியப் பெட்ரோலிய ஆய்வுக் கழகமும் கெயிலும் சேர்ந்து 2019-இல் தொடங்கிய நாளுக்கு ஒரு டன் ஆலை, டன்னுக்கு 800 லிட்டர் டீசல் தரும் என்று அறிவிக்கப்பட்டது. அது எரிபொருள் ஆலை, அப்படித்தான் சொல்லிக்கொண்டது. பரவலாகக் காலூன்றியது டயர் எண்ணெய்த் தொழில். சுழலும் இரும்பு உருளைக்குள் பல டன் டயரை அடைத்து, கதவை முறுக்கி மூடி, அடியில் விறகோ எண்ணெயோ எரித்து இரவு முழுக்க வாட்டுகிறார்கள். எண்ணெய் வடிந்து முடிந்ததும் ஆற விட வேண்டும். அடுத்த சுமைக்கு அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால் உள்ளே கனன்றிருக்கும் கரித்தூள் காற்றுப் பட்டுப் பற்றிக்கொள்ளும். பற்றாவிட்டாலும் ஆளின் மூக்கு, காது, சட்டை எல்லாம் கறுப்பு. வடிந்த எண்ணெய் செங்கல் சூளைக்கும் தொழிற்சாலைக் கொதிகலனுக்கும் உலை எண்ணெயாகப் போகிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2019-இல் 19 மாநிலங்களில் அறுநூற்றுக்கும் மேற்பட்ட கூடங்களைக் கணக்கெடுத்தபோது 270 விதிக்கு உட்படாதவை என்று தெரிந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டது. இதே உருளையில் பிளாஸ்டிக்கையும் போடலாம். போடுபவர்களும் உண்டு.

விதிகளைப் பொறுத்தவரை நம் நாடு தெளிவாகவே எழுதியிருக்கிறது. 2022 பிப்ரவரியில் வந்த உற்பத்தியாளர் பொறுப்பு விதிகளில், கழிவிலிருந்து எண்ணெய் எடுப்பது சாலை போடுதல், சிமெண்ட் உலை, மின்சாரம் ஆகியவற்றோடு சேர்த்து ‘இறுதி அகற்றல்’ என்ற தலைப்பில் இருக்கிறது. மறுசுழற்சி என்ற தலைப்பில் இல்லை. அந்தப் பட்டியலின் முதல் ஆளான பிளாஸ்டிக் சாலை மதுரைக்காரர். தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவனின் முறை அது, 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். அதே விதிகள் உறைகளில் மறுசுழற்சிப் பிளாஸ்டிக் கலந்தாக வேண்டும் என்றும் கட்டாயப்படுத்துகின்றன: 2025-26-இல் கெட்டி உறைகளில் 30 சதவீதம், மெல்லிய உறைகளில் 10, பல அடுக்கு உறைகளில் 5. இங்கேதான் இழுபறி தொடங்குகிறது. உணவு உறையில் குருணைப் பிளாஸ்டிக்கைக் கலக்க முடியாத நிறுவனத்துக்கு, பைரோலிசிஸ் எண்ணெய் ஊற்றிய உலையிலிருந்து சான்றிதழோடு வரும் பிளாஸ்டிக் ஒரு வரப்பிரசாதம். ரிலையன்ஸ் ஜாம்நகரில் இப்படிச் சான்றிதழ் பெற்ற பிளாஸ்டிக்கைச் செய்து 2024-இல் அறிவித்துவிட்டது. ஆக, எண்ணெய் எரிபொருளானால் இறுதி அகற்றல், பிளாஸ்டிக்கானால் மறுசுழற்சி. எவ்வளவு எதுவானது என்பதை எந்தக் கணக்கு முறையில் அளப்பது என்பதை விதி எழுதுபவர்கள் இனிமேல்தான் இறுக்கிச் சொல்ல வேண்டும்.

சாஷேயை நினைக்காமல் இந்தக் கேள்வியை விட முடியாது. கடலூர் சின்னி கிருஷ்ணனைச் சாஷேயின் தந்தை என்பார்கள். அவர் பிள்ளைகளின் வெல்வெட், சிக் ஷாம்பூ பாக்கெட்டுகள் 1980-களில் கிராமத்துப் பெட்டிக்கடையில் சரம்சரமாகத் தொங்கின. ஏழைக்கும் ஷாம்பூ என்பது சிறிய சாதனையில்லை. ஆனால் காலிப் பாக்கெட் ஒன்றை எடுத்துக் கிழித்துப் பாருங்கள்: வெளியே அச்சடித்த பெட், நடுவே அலுமினியப் பூச்சு, உள்ளே ஒட்டுவதற்குப் பாலி எத்திலீன், ஓரத்தில் மிச்ச ஷாம்பூ. குருணை ஆலைக்கு ஆகாது. பைரோலிசிஸில் பெட் அமிலமாகும், அலுமினியம் கரியில் தங்கும். சிப்ஸ் பாக்கெட் தேவலை, அது பெரும்பாலும் பாலி புரோப்பலீன். யூனிலீவர் சாஷேக்காகவே இந்தோனேசியாவின் சிதோவார்ஜோவில் கரைப்பான் முறையில் ஒரு முன்னோடி ஆலையை வைத்துப் பார்த்தது. வணிக அளவுக்கு அது வளரவில்லை. சேகரித்துப் பிரிக்கும் செலவே கையைக் கடித்தது.

ஆண்டுக்கு 20,000 டன் பைரோலிசிஸ் ஆலை என்றால் நாளொன்றுக்கு 60 டன் வேண்டும். நம் ஊரில் அந்த அளவுக்குச் சுத்தமாகக் கிடைப்பவை பால் கவர், சர்க்கரை, சிமெண்ட் சாக்குகள், கிடங்குகளில் பெட்டி சுற்றும் படலம். இவற்றைப் பொறுக்கி, பிரித்து, கட்டி, எடை போட்டு விற்றுப் பிழைப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கிலோவுக்கு இன்ன விலை என்று அவர்களுக்கு ஒரு சந்தையும் இருக்கிறது. சான்றிதழின் பலத்தில் எண்ணெய் ஆலை ஐந்து ரூபாய் கூட்டிக் கேட்டால் சரக்கு அங்கே போகும். குருணையாகி 90 கிலோ வாளியாக இருந்திருக்க வேண்டிய நூறு கிலோ, 35 கிலோ புதுப் பிளாஸ்டிக்காகத் திரும்பும். அதைத் தடுக்க வழி இருக்கிறது: இயந்திர முறைக்கு ஆகும் சரக்கை எண்ணெய் ஆலை வாங்கினால் அதற்குச் சான்றிதழ் இல்லை என்று ஒரு வரி எழுதினால் போதும். ஆலைக்காரர்கள் அப்படி ஒரு வரிக்குச் சம்மதிப்பார்களா என்று கேட்டுப் பார்க்கலாம். சாஷேயைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறோம் என்று சொல்பவர்களுக்கு அதில் நட்டம் ஒன்றும் இல்லை.